டோல்கேட்டைத் தனியாருக்கு 20 வருடம் விடுவது நல்லதா?

கேள்வி இதுதான்: உங்கள் ஊர் வழியாகப் போகும் நான்கு வழிச்சாலையை 20 வருடத்துக்கு ஒரு தனியார் கம்பெனிக்கு விடப்போகிறார்கள், இனி வசூல், பராமரிப்பு, ரோந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று பேச்சு அடிபடுகிறது. டோல் ஏறுமா, சாலை நன்றாக இருக்குமா, வரிப்பணத்தில் போட்ட சாலையை ஏன் விற்கிறார்கள் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் நெடுஞ்சாலைப் பராமரிப்பை மேற்பார்வை பார்க்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தவன், அந்த அனுபவத்திலிருந்தும் பொதுவில் கிடைக்கும் ஆவணங்களிலிருந்தும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘விற்கிறார்கள்’ என்ற சொல்லைச் சரிசெய்துவிடலாம். நிலமும் சாலையும் அரசிடமேதான் இருக்கும். கொடுப்பது குத்தகை. நம் நாட்டில் இதில் பல வகை உண்டு. தனியாரே பணம் போட்டுச் சாலை அமைத்து வசூலித்து எடுத்துக்கொள்வது பழைய முறை, இதைத்தான் பிஓடி என்பார்கள். அரசு போட்டு முடித்த சாலையை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், மொத்தமாக ஒரு தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு பல வருடங்களுக்கு விடுவது டிஓடி. இதற்கு மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் கொடுத்தது. நீங்கள் கேட்டது அநேகமாக இந்த வகை. அப்புறம் வசூலை மட்டும் மூன்று மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஏலத்தில் விடும் முறை இருக்கிறது. அதில் ஏஜென்சி வாரா வாரம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு இவ்வளவு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும். அதற்கு மேல் வந்தால் அவர்களுக்கு லாபம், குறைந்தால் அவர்கள் கைநஷ்டம். சாலையில் குழி விழுந்தால் அந்த ஏஜென்சிக்குச் சம்பந்தமே இல்லை. நாம் டோல்கேட்டில் நின்று சண்டை போடுவது பல நேரம் இந்த ஏஜென்சியின் ஆளிடம்தான், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

டோல் ஏறுமா? ஏறும், ஆனால் தனியார் வந்ததால் அல்ல. தேசிய நெடுஞ்சாலையில் கட்டணத்தை நிர்ணயிப்பது 2008-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள். நான்கு வழிச்சாலையில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா, பஸ், லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா என்று 2007-08-ஐ அடிப்படையாக வைத்து ஆரம்பித்தார்கள். அதன்மேல் ஆண்டுக்கு 3 விழுக்காடு, அதோடு மொத்த விலைக் குறியீடு ஏறிய அளவில் 40 விழுக்காடு. இதுதான் சூத்திரம். அரசே வசூலித்தாலும் கம்பெனி வசூலித்தாலும் ஒரே ரேட்தான். ஏப்ரல் 1-ஆம் தேதி செய்தித்தாளில் ‘டோல் உயர்வு’ என்று வருவது இதனால்தான். கனடாவில் டொரன்டோ பக்கம் 407 என்ற சாலையை 1999-ல் 99 வருடக் குத்தகைக்கு விட்டபோது கட்டணத்தை ஏற்றும் உரிமையையும் கம்பெனியிடமே கொடுத்துவிட்டார்கள், பிறகு மாகாண அரசு வழக்குக்குப் போயும் கட்டுப்படுத்த முடியவில்லை. அந்தத் தவறை நாம் செய்யவில்லை என்பது நிம்மதி. ஆனால் இதே 2008 விதிகளில், போட்ட முதல் திரும்பி வந்த பிறகு கட்டணத்தை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பின்னாளில் திருத்திவிட்டார்கள். மக்களுக்கு உண்மையில் நஷ்டம் ஏற்பட்ட இடம் அதுதான் என்பது என் கருத்து. தனியார் வந்தார்களா இல்லையா என்பதைவிட அந்த ஒரு வரி போனதற்குத்தான் நாம் கூட்டம் போட்டிருக்க வேண்டும்.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். 20, 30 வருட வசூலை இன்றைக்கே ஒரு தொகையாக வாங்கிக்கொள்வது நியாயமா? அது முழுக்க முழுக்க அந்தத் தொகையைப் பொறுத்தது. முதல் டிஓடி தொகுப்பில் ஆந்திரா, குஜராத்தில் 680 கிலோமீட்டருக்கு மேல் ஒன்பது சாலைகளை 30 வருடத்துக்கு ஏலம் விட்டார்கள். ஆணையத்தின் சொந்த மதிப்பீடு 6,258 கோடி. 2018-ல் மெக்குவாரி என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் 9,681 கோடி கொடுத்து எடுத்தது. மதிப்பீட்டைவிடப் பாதிக்கு மேல் அதிகம். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது தொகுப்பில் ஆணையம் எதிர்பார்த்த தொகைக்குக் கீழேயே கேட்டார்கள், ஏலத்தை ரத்து செய்தார்கள். அந்த ரத்தை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் கடன் கழுத்தை நெரிக்கும்போது வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் தோன்றும். ஆணையத்தின் கடன் 2022 வாக்கில் 3.48 லட்சம் கோடி வரை போனது. மூன்றாவது தொகுப்பு 2019-ல் 5,011 கோடிக்குப் போனது, அதில் தமிழ்நாட்டுச் சாலையும் உண்டு.

விலை நிர்ணயத்தில் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு மும்பை - புனே விரைவுச்சாலையைப் பாருங்கள். மகாராஷ்டிர அரசின் கழகம் போட்ட சாலை. 2004-ல் பழைய மும்பை - புனே நெடுஞ்சாலையையும் சேர்த்து ஐஆர்பி நிறுவனத்திடம் 15 வருடத்துக்கு 918 கோடிக்கு விட்டார்கள். 2019-ல் அந்தக் காலம் முடிந்தது. அடுத்து 2020-ல் அதே நிறுவனம் ஏறக்குறைய பத்து வருடத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 8,262 கோடி. வருடத்துக்குச் சுமார் 61 கோடி என்று போன சாலை, வருடத்துக்கு 800 கோடிக்கு மேல் போகிறது! 2004-ல் புதுச்சாலை, வண்டி எவ்வளவு வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை, வட்டியும் அதிகம், முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார்கள். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் முதல் பேரத்தில் அரசு அவசரப்பட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். 15 வருடத்துக்கு வளரப்போகும் போக்குவரத்தில் அரசுக்கும் ஒரு பங்கு என்று எழுதியிருந்தால் போதும். அப்படி எழுதாத ஒப்பந்தத்தில் நாம் 15 வருடம் காத்திருந்துதான் உண்மை விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைவிட மோசமானது டெல்லி - நொய்டா இடையே யமுனைமேல் போகும் டிஎன்டி பறக்கும்சாலை. ஒன்பது கிலோமீட்டர் சாலை, 2001-ல் திறந்தது. ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு ஆண்டுக்கு 20 விழுக்காடு வருமானம் உத்தரவாதம். ஒரு வருடம் அந்த 20 விழுக்காடு வரவில்லையென்றால் குறைந்த தொகையைத் திட்டச் செலவோடு சேர்த்துக்கொள்ளலாம், அடுத்த வருடம் அந்தக் கூடின தொகைக்கும் சேர்த்து 20 விழுக்காடு. மீட்டர் வட்டி வாங்கினவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும், கட்டக் கட்ட அசல் ஏறிக்கொண்டே போகும். குடியிருப்போர் சங்கங்கள் வழக்குப் போட்டன. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016 அக்டோபரில் வசூலை நிறுத்தியது, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது. டெண்டரே இல்லாமல் கொடுத்தது, நியாயமற்ற சூத்திரம், கம்பெனி போட்டதையும் லாபத்தையும் எடுத்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். இன்று அந்த வழியாகப் போகிறவர்கள் டோல் கட்டுவதில்லை. ஆனால் 15 வருடம் கட்டியதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இப்போது சாலை நன்றாக இருக்குமா என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் தனியாரிடம் விட்ட சாலை அருமையாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எல்லாம் எழுதியிருக்கும். குழி விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும், தார்ப்பரப்பு எவ்வளவு கரடுமுரடாக இருக்கலாம், மீடியன் செடிக்கு எப்போது தண்ணீர், அணைந்த விளக்கை எப்போது மாற்ற வேண்டும், விபத்து என்று தகவல் வந்தால் ஆம்புலன்ஸும் கிரேனும் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று வரி வரியாக. சில வருடங்களுக்கு ஒருமுறை மேலே புதிதாகத் தார் அடுக்கு போட வேண்டும் என்பதும் இருக்கும். இதைச் சரிபார்க்க ‘சுயேச்சைப் பொறியாளர்’ என்று ஒரு ஆலோசனை நிறுவனத்தை நியமிப்பார்கள்.

நான் பார்த்த ஒரு ஐப்பசி மழை இரவைச் சொல்கிறேன். எந்தச் சாலை, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். குழியை முறையாக அடைப்பது என்றால் முதலில் குழியைச் சுற்றிச் சதுரமாக வெட்ட வேண்டும், தளர்ந்த ஜல்லியை எல்லாம் வாரிச் சுத்தம் செய்து காய வைத்து, ஓரங்களில் தார்ப்பால் அடித்து, சூடான கலவையை அடுக்கு அடுக்காகப் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். அன்றைக்கு ஒரு டாட்டா ஏஸ் வந்தது, பின்னால் ஐந்து பேர், இரண்டு மண்வெட்டி, கலவை ஆறிப்போய்க் கட்டி தட்டியிருந்தது. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினார்கள். ‘லாரி ஏறினா அமுங்கிடும் சார்’ என்றார் மேஸ்திரி. அவர்மேல் தப்பே இல்லை, அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். போட்டோ எடுத்தார்கள், ‘சரிசெய்யப்பட்டது’ என்று பதிவேட்டில் ஏறியது. மூன்றாம் நாள் அதே கிலோமீட்டர் கல் அருகே அதே குழி, இன்னும் அகலமாக. பதிவேட்டில் அது புதுக் குழி. கணக்குப்படி இரண்டு குழிகள் விழுந்து இரண்டும் குறித்த நேரத்தில் அடைக்கப்பட்டன, அபராதம் கிடையாது.

இதற்கு எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள், ஒருமுறை நானும் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், மேற்பார்வை செய்யும் நிறுவனத்தின் சம்பளத்தில் பாதியைப் பல ஒப்பந்தங்களில் அந்தக் குத்தகைக் கம்பெனியே ஈடுகட்ட வேண்டும். நியமிப்பது ஆணையம், பாதிப் பணம் கம்பெனியிடமிருந்து. தினமும் முகம் பார்த்து டீ குடிப்பதும் அவர்களோடுதான். இதில் கறாராக இருப்பவர்களும் உண்டு, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம், ஆனால் ஒரு அமைப்பு அப்படிப்பட்ட தனி மனிதர்களை நம்பி ஓடக்கூடாது. வேலையை வெளியே கொடுத்தது எனக்குப் பிரச்சினையே இல்லை. அளந்து பார்க்கும் கண்ணையும் சேர்த்து வெளியே கொடுத்ததுதான் பிரச்சினை. அரசுப் பொறியாளர்கள் சாலையில் இறங்கிப் பார்க்கிற பழக்கம் குறைந்துபோனது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு திட்ட அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர், அவர்கள் தலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

குத்தகையின் கடைசி இரண்டு மூன்று வருடங்கள் இன்னும் ஆபத்து. திருப்பிக் கொடுக்கப்போகும் வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? ஒப்பந்தத்தில் ஒப்படைப்புச் சோதனை என்று இருக்கும், அதைக் கடுமையாக நடத்தினால்தான் கடைசித் தார் அடுக்கு விழும். இல்லையென்றால் ஒட்டுப்போட்ட சாலை அரசிடம் வந்து சேரும், செலவு மறுபடி நம் தலையில்.

சாலையே இல்லாதபோது டோல் எதற்கு என்ற கேள்விக்கு நீதிமன்றம் ஒருமுறை நேராகப் பதில் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் மண்ணுத்தி - இடப்பள்ளிச் சாலையில் பாலியேக்கரா டோல்கேட். சாலைக்கு அடியில் பாதை அமைக்கும் வேலைகளால் சர்வீஸ் ரோடு சிதைந்து வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் நான்கு வாரம் வசூலை நிறுத்தியது. ஆணையமும் கம்பெனியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின, அங்கும் தள்ளுபடி. 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆனால் 150 ரூபாய் எதற்குக் கட்ட வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு டோல்கேட்டிலும் ஒட்டி வைக்கலாம். ஒப்பந்தத்திலேயே ‘தரம் இல்லையென்றால் அன்றைய வசூல் இல்லை’ என்று தானாக நிற்கும்படி ஏற்பாடு இருந்திருந்தால் யாரும் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது வண்டிக் கணக்கு. வசூலை வெளியே விட்டால் எத்தனை வண்டி போனது என்று எண்ணுவதும் வசூலிப்பவர்தான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு ஓட்டை பெரும்பாலும் அடைபட்டது என்று நினைத்தோம். 2025 ஜனவரியில் உத்தரப் பிரதேசப் போலீஸின் சிறப்புப் படை மிர்சாபூர் மாவட்டத்தில் ஒரு டோல்கேட்டில் போய்ப் பார்த்தபோது, கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. ஃபாஸ்டேக் இல்லாத வண்டிகளிடம் இரட்டைக் கட்டணம் ரொக்கமாக வாங்கி, அசலைப் போலவே ரசீது அடித்து, பணத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆணையத்தின் கணக்கில் அந்த வண்டியே இருக்காது, இருந்தாலும் கட்டண விலக்கு பெற்ற வண்டியாக இருக்கும். பிறகு ஆணையம் 14 ஏஜென்சிகளுக்கு இரண்டு வருடம் தடை விதித்தது.

கட்டண விலக்கு என்றதும் பரனூர் நினைவுக்கு வருகிறது. செங்கல்பட்டு பக்கம், சென்னையிலிருந்து ஊருக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த டோல்கேட். சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கையில் 2019 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடக் கணக்கைப் பார்த்தார்கள். போன வண்டி 1.17 கோடி, அதில் விலக்கு பெற்றதாகப் பதிவானவை 62.37 லட்சம், அதாவது பாதிக்கு மேல். தீபாவளிக்கு முந்தின இரவு அங்கே இரண்டு மணி நேரம் நின்றவர்கள் யாராவது, பக்கத்தில் நின்ற வண்டிகளில் பாதி விஐபி வண்டி என்று நம்புவார்களா? அந்தப் பதிவுகளை வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்க்க அரசின் சொந்த ஆள் ஒருவர் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும். தவிர, ஒரு டோல்கேட்டின் போக்குவரத்துக் கணக்குதான் அடுத்த ஏலத்தின் அடிப்படை. எண்ணிக்கை குறைவாகக் காட்டப்பட்டால் அடுத்த 20 வருடக் குத்தகையின் விலையும் குறைவாகவே வரும்.

தனியார் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. மதுரை - கன்னியாகுமரி சாலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு டோல்கேட்டுகள். அரசுப் பேருந்துகள் கட்ட வேண்டிய டோல் பாக்கி 276 கோடி வரை ஏறியது. அந்தக் கம்பெனிகள் வழக்குப் போட, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 10-ஆம் தேதிமுதல் அரசுப் பேருந்துகளை அந்த டோல்கேட்டுகள் வழியாக விடக்கூடாது என்றே உத்தரவிட்டது. பேச்சுவார்த்தை நடத்துகிறோம் என்று அரசு சொன்ன பிறகு அதை நிறுத்தி வைத்தார்கள். பஸ் நின்றிருந்தால் கஷ்டம் கம்பெனிக்கோ அமைச்சருக்கோ இல்லை, விருதுநகரிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். அரசு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அரசே மதிக்காவிட்டால், அடுத்த ஏலத்தில் வருகிறவர் அந்த ஆபத்துக்கும் ஒரு விலை வைத்துக் குறைத்துத்தான் கேட்பார்.

ஊழியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் செங்குறிச்சி, திருமாந்துறை டோல்கேட்டுகளில் ஃபாஸ்டேக் வந்துவிட்டது என்று காரணம் காட்டி 56 பேரை ஒரே நேரத்தில் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மற்ற ஊழியர்கள் போராடியதில் பல நாள் வசூலே நடக்கவில்லை. கம்பெனி மாறும்போது பழைய ஆட்கள் என்ன ஆவார்கள் என்பது நான் பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் தெளிவாக இல்லை, இருக்க வேண்டும்.

ஆக, உங்கள் ஊர்ச் சாலை விஷயத்தில் என் பதில்: விடுவதை எதிர்க்க வேண்டாம், எப்படி விடுகிறார்கள் என்பதை விடாமல் கேளுங்கள். ஆணையம் நேரடியாக வைத்திருந்த சாலைகளிலும் இதே குழிகளைப் பார்த்திருக்கிறேன், அங்கே அபராதம் போடக்கூட எதிரில் ஆள் இல்லை. ஆணையத்தின் டோல் தகவல் இணையதளத்தில் ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் திட்டச் செலவு, இதுவரை வசூலானது, குத்தகை யாரிடம், எப்போது முடிகிறது என்று போட்டிருப்பார்கள். உங்கள் டோல்கேட்டின் பக்கத்தை இன்றே பிரதி எடுத்து வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி போதும்: கடைசியாக முழு நீளத்துக்குத் தார் அடுக்கு போட்ட ஆண்டு எது, ஒப்பந்தப்படி அடுத்தது எந்த ஆண்டு? டோல்கேட்டுக்கு 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்து சொந்த வண்டி வைத்திருந்தால் மாதப் பாஸ் உண்டு, புதுக் கம்பெனி வந்ததும் அது தெரியாது என்பார்கள், விதியில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கம்பெனி கைமாறும் வாரத்தில் ஒரு நாள் காலையில் நான்கு பேர் சேர்ந்து பைக்கில் போய், ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லும் தெரியும்படி சாலையைப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் புகார் செய்யும்போது ‘அந்தக் குழி நாங்கள் எடுக்கும்போதே இருந்தது’ என்பார்கள். அப்போது அந்த வீடியோ உங்கள் கையில் இருக்க வேண்டும்.